ஸ்போர்ட்ஸ் காருக்கு நாடா

அந்தக் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். பின் சீட்டு கிடையாது. நீளத்துக்குக் குறைச்சல் இல்லை. பாதிக்கு மேல் எஞ்சினுக்கே கொடுத்திருந்தான் அதைச் செய்த வெள்ளைக்காரன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே மொபெட்டில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், மடியில் தறிக்கு ஒரு பாவு நூல் மூட்டை என்று போகிற ஊர் இது. இங்கே இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய தகரமா என்று தோன்றியது.

கார் பச்சை நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். விளக்கு இரண்டும் மேலே துருத்திக்கொண்டிருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் அதற்குத் தவளை என்று பெயர். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் "தவளை எங்க நிக்குதுன்னு பாரு" என்று யாராவது சொன்னால், கண் டாக்டரம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

டாக்டரம்மாவுக்கு அப்போது ஐம்பது இருக்கும். வீட்டின் முன்பக்கம் ஆஸ்பத்திரி, பின்பக்கம் குடியிருப்பு, பக்கத்தில் கார் நிற்க ஒரு கொட்டகை. காரை நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டக்காரரிடமிருந்து வாங்கினாராம். நூல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண் முகாம்களுக்கு அவரே ஓட்டிப் போவார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண்கள் கார் ஓட்டுவதே அபூர்வம். இது தொண்ணூறுகளின் கடைசி. செல்போன் ஊருக்குள் வந்துவிட்டது, என்னைப் போன்றவர்கள் கைக்கு இன்னும் வரவில்லை.

கண்ணாடி உடைந்தது ஆயுத பூஜை அன்றைக்கு. அவருடைய கம்பவுண்டர் காருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, கற்பூரம் காட்டி, முன்னால் நின்று தேங்காயை ஓங்கி உடைத்திருக்கிறார். தேங்காய் சிதறியது. ஒரு சில்லு நேராக முன்கண்ணாடியில் போய் அடித்தது. அங்கே ஏற்கெனவே கல் பட்ட புள்ளி ஒன்று இருந்ததாம். அந்தப் புள்ளியிலிருந்து கண்ணாடி முழுக்க வலை மாதிரி விரிசல். "கண்ணு படக்கூடாதுன்னு ஒடச்சேன், கண்ணாடியில பட்டுச்சு" என்று கம்பவுண்டர் ஊர் முழுக்க அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

அந்தக் காருக்கு இந்தியாவில் கண்ணாடி கிடையாது. சென்னையில் ஒரு பட்டறையில் உடைந்ததை வைத்து அளவெடுத்து இரண்டு கண்ணாடி செய்தார்கள். முதல் கண்ணாடியை மாட்டும்போதே அங்கே இருந்தவர்கள் மூலையில் உடைத்துவிட்டார்கள். இரண்டாவதைத் தொட டாக்டரம்மா விடவில்லை. அதைப் போர்வையில் சுற்றி, பக்கத்து சீட்டில் நிறுத்தி, பெல்ட் போட்டுக் கட்டி, தலைக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முன்கண்ணாடி இல்லாத காரைச் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் அவரே ஓட்டி வந்துவிட்டார். வழியில் லாரிக்காரர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்களாம். பார்க்காமல் இருப்பார்களா?

வந்தவர் நேராக என் கடை வாசலில்தான் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"நீதான் கண்ணாடி மாத்தறவனா?"

"ஆமாம்மா."

"நானும் அதத்தான் பண்றேன். நான் இதுவரைக்கும் யார் கண்ணாடியையும் உடைச்சதில்ல. நீ?"

"ஒடச்சிருக்கேன்."

"எத்தன?"

"எண்ணி வெக்கல."

"எப்படி உடைஞ்சது?"

"எங்கனா ரப்பர் ஏறலன்னா கோவம் வரும். கையால தட்டுவேன். ஒடஞ்சிடும்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். புருவம் வரைக்கும் மண். அதற்கு மேலே சுத்தம்.

"மெட்ராஸ்ல ஒருத்தன் சத்தியம் பண்ணினான், உடைக்கவே மாட்டேன்னு. நீ உடைச்சிருக்கேங்கறே. சரி, ஞாயித்துக்கிழம காலம்பற ஆத்துக்கு வா. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. இதுவும் போயிடுத்துன்னா வேற கிடையாது. அந்தப் பட்டறைல அச்சையே ஒழிச்சுட்டான். கண்ணாடி இல்லாத கார வாசல்ல நிறுத்திண்டு தினம் பாத்துண்டிருக்க என்னால ஆகாது. யாராவது கேட்டா தூக்கிக் குடுத்துடுவேன்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அப்படிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். எனக்குத் தகரத்தின் மேல் பாசம் வைக்கிறவர்களைக் கண்டால் பிடிக்காது. ஆனால் அந்தப் பார்வைக்குப் பிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முன்கண்ணாடி மாட்டுவது தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை. அதில் இரண்டு பள்ளம். ஒன்றில் கண்ணாடி உட்காரும். மற்றது காரின் தகர விளிம்பைக் கவ்வ வேண்டும். ரப்பர் தானாகக் கவ்வாது. அதனால் அந்தப் பள்ளத்துக்குள் சுற்றிலும் ஒரு கயிற்றை வைத்து, இரண்டு நுனியையும் கீழே நடுவில் காருக்குள் தொங்கவிட வேண்டும். பிறகு வெளியே நிற்கிறவன் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்துவான். உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பான். கயிறு வெளியே வரும்போது ரப்பரின் உதட்டைத் தூக்கித் தகரத்துக்கு இந்தப் பக்கம் போட்டுவிட்டு வரும். அழுத்துகிற கையும் இழுக்கிற கையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் கண்ணாடி மூலையில் போய்விடும். வேலை அவ்வளவுதான். எழுதுவது சுலபம்.

எங்கள் தொழிலில் அந்தக் கயிற்றுக்கு நாடா என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. நான் வேலை கற்ற இடத்தில் அப்படிச் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

உள்ளே உட்கார்ந்து இழுக்க எனக்கு ஒரு ஆள் இருந்தான். என் வயசுக்காரன், நல்ல வேலைக்காரன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு வேனுக்குக் கண்ணாடி மாட்டும்போது அவன் கொஞ்சம் வேகமாக இழுத்தான். நான் கத்தினேன். அவன் அம்மாவை இழுத்துப் பேசினேன் என்று அவன் சொல்கிறான். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருந்த சோப்புத் தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டுப் போய்விட்டான். நாடா அவனுடையது. நல்ல பருத்திக் கயிறு, வருஷக்கணக்காக இழுத்து இழுத்து வழவழப்பானது. அதையும் எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தனியாகத்தான் போனேன். கம்பவுண்டரை உள்ளே உட்கார வைத்து இழுக்கச் சொல்லலாம் என்று திட்டம். டாக்டரம்மா நான் சொன்னபடியே பழைய ரப்பரை வெந்நீரில் ஊறப்போட்டுத் துடைத்து வைத்திருந்தார். ரப்பர் குழந்தைக் காது மாதிரி இருந்தது. தகர விளிம்பைத் துணியால் வழித்து, பழைய பசை, மண் எல்லாம் எடுத்தேன். கண்ணாடியைப் போர்வை மேல் படுக்க வைத்து ரப்பரைச் சுற்றிப் போட்டேன். பிறகு நான் கொண்டுவந்த நைலான் கயிற்றைப் பள்ளத்தில் வைத்தேன். அது வைக்க வைக்கத் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. விரலுக்குச் சொரசொரப்பாகவும் இருந்தது. அதைப் போட்டு இழுத்தால் ரப்பரைக் கிழித்துவிடும்.

கம்பவுண்டரைக் கூப்பிட்டேன். என் மனைவி பிள்ளையார்பாளையத்தில் அவள் அப்பா வீட்டில் தறியில் இருந்தாள். கல்யாண சீசன், ஞாயிறு என்று பார்க்க முடியாது. எங்கள் வீடும் அதே தெருதான், வீட்டுக்கு வீடு தறி இருக்கிற தெரு. வீட்டுப் பரணில் ஒரு பருத்திக் கயிறு கிடப்பது ஞாபகம் வந்தது.

"சைக்கிள எடுத்துக்கினு போய் என் வீட்டுக்காரிய பாரு. நாடா வேணுமாம், அவசரம்னு சொல்லு. நல்லதா, சொரசொரப்பு இல்லாததா குடுக்கச் சொல்லு."

"நாடா. நல்லதா. சொரசொரப்பு இல்லாததா" என்று மனப்பாடம் செய்துகொண்டு அவர் போனார்.

போய் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை நான் கண்ணாடியைக் காவல் காத்தேன். டாக்டரம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ரப்பர் பள்ளத்தில் தூசி இருக்கிறதா என்று நான் தலையைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"உனக்கு நாப்பது ஆயாச்சா?"

"ஆச்சு."

"வெள்ளெழுத்து. கிட்டக்க இருக்கறது தெரியாது. கண்ணாடி போடணும்."

"எனக்கு நல்லாத் தெரியுதும்மா."

"இந்த மாத்திரை அட்டைல என்ன எழுதியிருக்கு, படி."

அட்டையைக் கை நீட்டி எட்டப் பிடித்தேன். படிக்க முடியவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுத்தைச் சின்னதாகப் போட்ட கம்பெனிக்காரனைத் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

கம்பவுண்டர் திரும்பி வந்தபோது சைக்கிளின் பின்னால் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கூந்தலில் பட்டு நூல் துணுக்கு. இடுப்பில் ஏதோ துணியில் சுற்றிச் செருகியிருந்தாள். இறங்கி வந்து, அதைப் பிரித்து, என் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க நாடா."

எருமைக் கொம்பில் கடைந்த தறி நாடா. படகு மாதிரி இருக்கும். உள்ளே நூல் சுற்றிய தாரை வைத்து, பாவுக்கு நடுவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட்டுவார்களே, அது.

"இன்னாது இது?"

"நாடா."

"இது நாடாவா?"

"பின்ன இன்னா, கத்திரிக்காயா?"

"நான் கயிறு கேட்டேன்."

"கயிறு வேணும்னா கயிறுன்னு கேக்கணும். பிள்ளையார்பாளையத்துல வந்து நாடான்னு கேட்டா இன்னா வரும்?"

கம்பவுண்டர் நடுவில் புகுந்தார். "நான் கரெக்டாதான் சொன்னேன்மா. நல்லதா, சொரசொரப்பு இல்லாததா."

"அதான் இருக்கறதுலயே வழவழப்பா எடுத்தாந்தேன். கொம்பு நாடா. எங்கப்பா இத வெளி ஆளு கையில குடுத்தனுப்ப மாட்டாரு. அதான் பாதி சேலையில தறிய நிறுத்திட்டு நானே வந்தேன்."

"காருக்கு எதுக்குடி தறி நாடான்னு ஒரு நிமிசம் யோசிச்சியா?"

"வழியெல்லாம் யோசிச்சிக்கினுதான் வந்தேன். இவரக் கேட்டா தேங்கா ஒடச்ச கதையவே மூணு வாட்டி சொல்றாரு."

எனக்குத் தலைக்கு ஏறியது. ஒரு மணி நேரம் போச்சு, கயிறும் வரவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் டாக்டரம்மா, வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர், "சித்த இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் காகிதம் பிரிக்காத இரண்டு சுருள்.

"எங்காத்துல நாடான்னா இதான்."

பாவாடை நாடா. புத்தம் புதிது. பருத்தியில் பின்னியது, உருண்டையாக, மெத்தென்று. கம்பவுண்டர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அதை வாங்கி ரப்பர் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இது தோன்றவில்லை.

ஒரு சுருளின் நீளம் போதாது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடப் போனேன். என் மனைவி கையிலிருந்து பிடுங்கினாள்.

"முடிச்சு போட்டா எங்கனா மாட்டும். குடுங்க."

இரண்டு நுனியையும் பிரித்து, இழைக்குள் இழையாக விட்டு, எச்சில் தொட்டு முறுக்கினாள். பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைகளை இப்படித்தான் முறுக்கிச் சேர்ப்பார்கள். முடித்துக் கொடுத்தபோது எங்கே சேர்த்தாள் என்று என் கைக்கே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாதது வெள்ளெழுத்தாலும் இருக்கலாம்.

"யாரு இழுக்கறது?" என்று கேட்டாள்.

கம்பவுண்டரைக் காட்டினேன்.

"அவரா? அது தேங்கா ஒடைக்கிற கை. நான் இழுக்கறேன்."

"ஏம்மா, அதையே எத்தினி நாளு சொல்லுவீங்க" என்றார் கம்பவுண்டர், இன்னும் சுவரைப் பார்த்தபடி.

இதை ஏன் பெரிதாக எழுதுகிறேன் என்றால், எங்களுக்குக் கல்யாணமான முதல் வருஷம் கடையில் ஆள் வராத ஒரு நாள் அவள் எனக்கு இழுத்துக் கொடுத்தாள். நான் நாலு பேர் முன்னால் கத்தினேன். கயிற்றை அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போனவள்தான். அதற்குப் பிறகு கடை வாசலில் கால் வைத்ததில்லை. சோறு கொண்டுவந்தால்கூட எதிர்ப்பக்கம் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவாள். பதினொரு வருஷம்.

"இழுக்கறேன்" என்றவள் விரலை நீட்டி மேலும் சொன்னாள். "ஆனா கத்தினீங்கன்னா விட்டுட்டு எறங்கிடுவேன். கண்ணாடி எப்படிப் போனாலும் எனக்குத் தெரியாது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார்.

நானும் கம்பவுண்டரும் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தோம். சோப்புத் தண்ணீர் தடவினேன். என் மனைவி உள்ளே போய் உட்கார்ந்தாள். சீட்டு அவ்வளவு தாழ்வு, அவள் கண்ணாடிக்குப் பின்னால் பள்ளத்தில் இறங்கின மாதிரி தெரிந்தாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "தறிக் குழியில ஒக்காந்த மாதிரிதான் இருக்குது" என்றாள். ஒரு நுனியைக் கையில் எடுத்தாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

"கோர்வ மாதிரிதானே?" என்று கேட்டாள்.

காஞ்சிபுரம் சேலையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் ஊடைக்கு ஊடை, குறுக்கே ஓடும் ஒவ்வொரு இழையிலும், கோத்துக்கொண்டே போவதுதான் கோர்வை. அதற்குத் தறியில் இரண்டு பேர். நெய்கிறவர் ஒருவர், கரைப் பக்கம் உட்கார்ந்து தனி நாடா வாங்கிப் போடுகிறவர் ஒருவர். பத்து வயசிலிருந்து அவள் அப்பாவுக்குக் கரைப் பக்கம் உட்கார்ந்தவள் அவள். அவர்கள் வீட்டில் வேலை நடக்கும்போது பேச்சு கிடையாது. ஒருவர் போட்டவுடன் "ம்" என்பார். அடுத்தவர் போட்டுவிட்டு "ம்" என்பார். நான் மாப்பிள்ளையாகப் போன புதிதில், அப்பாவும் மகளும் யாரோ கதை சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

கீழே நடுவிலிருந்து தொடங்கினோம். அவள் ஒரு சாண் இழுப்பாள். "ம்" என்பாள். அந்த இடத்தில் நான் உள்ளங்கையை வைத்து அழுத்துவேன். உதடு ஏறியது கைக்குத் தெரிந்ததும் நான் "ம்" என்பேன். அவள் அடுத்த சாண் இழுப்பாள். வலப்பக்கம் மூலை திரும்பியது. பக்கவாட்டில் ஏறியது. நான் இதுவரை அப்படி வேலை செய்ததே இல்லை. எப்போதும் "இழு, இழுடா, நிறுத்து, எருமை" என்று சத்தத்திலேயே நடக்கும். இது கோயில் உள்ளே இருக்கிற மாதிரி அமைதியாகப் போனது. தெருவில் ஒரு கீரைக்காரி கூவிக்கொண்டு போனது தெளிவாகக் கேட்டது.

மேல் பட்டையையும் தாண்டி, மறு நுனியை எடுத்து இடப்பக்கமும் மேலே வந்தோம். கடைசியாக இடது மேல் மூலை. பாவாடை நாடா ஒரு விரல் நீளம்தான் பாக்கி. அவள் இழுத்தாள். வரவில்லை. நான் அழுத்தினேன். ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

டிக் என்று ஒரு சத்தம்.

நான் அசையவில்லை. டாக்டரம்மா தூணிலிருந்து நிமிர்ந்தார். கம்பவுண்டர் சாமி பேரைச் சொன்னார். நான் மூலையைப் பார்த்தேன், கிட்டே போனால் மங்கல், எட்டப் போனால் வெயில் கூச்சம். விரிசல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோதுதான் எனக்குக் கோபம் வரும். எப்போதும் அப்படித்தான். ரப்பர் மேல், நாடா மேல், என்னை விட்டுப் போனவன் மேல், காரைச் செய்தவன் மேல். கை தானாக மேலே போய்விட்டது. ஒரு தட்டு தட்டினால் ஏறும், இல்லையென்றால் போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் என் கையைப் பார்த்தாள்.

"கைய எறக்குங்க."

"ஏறல."

"தெரியுது. கைய எறக்குங்க. கண்ணாடி ஒண்ணும் ஆவல. பழைய பெயிண்டு உதிர்ந்துச்சு, இதோ எம் மடியில விழுந்திருக்குது, பச்சையா."

எனக்குத் தொண்டைக்குள் ஒரு வார்த்தை வந்து நின்றது. நல்ல வார்த்தை இல்லை. விழுங்கினேன். கையை இறக்கி, மெதுவாக மூலையில் வைத்தேன். எல்லோரும் பார்க்க ஒரு வார்த்தையை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று கோபக்காரர்களுக்குத்தான் தெரியும்.

"சும்மா வெச்சிருங்க. அழுத்த வேணாம்" என்றாள். "டாக்டரம்மா, அந்த நாடாவக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"எந்த நாடா?" என்று டாக்டரம்மா பதறினார்.

"தறி நாடா."

நான் அங்கே ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பியிருப்பேன். இரும்பு பட்டால் கண்ணாடியின் ஓரம் தெறிக்கும் என்று தெரிந்தே நெம்பியிருப்பேன். அவள் கொம்பு நாடாவின் கூர் முனையைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு, ரப்பரின் உதட்டுக்கு அடியில் விட்டாள். பட்டுப் பாவுக்குள் போனாலும் ஒரு இழையைக்கூடப் பிடித்து இழுக்காத முனை அது. வளைவோடு வளைவாக ஒரே ஓட்டு ஓட்டினாள். இன்னொரு கையால் கயிற்றின் மிச்சத்தை இழுத்தாள்.

"ம்."

அழுத்தினேன். உதடு சளப்பென்று தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. பாவாடை நாடா முழுதும் அவள் மடியில் விழுந்தது.

நான் சுற்றிலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். எங்கும் இடைவெளி இல்லை. என் கண்ணை நம்பாமல் டாக்டரம்மாவையே பார்க்கச் சொன்னேன். நோயாளியின் கண்ணைப் பார்க்கிற டார்ச் விளக்கைக் கொண்டுவந்து, நான்கு மூலையிலும் அடித்து, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல. நன்னா இருக்கு" என்றார். உடனே கம்பவுண்டர் மேல் பாய்ந்தார், "என்ன வேடிக்க, வாளில ஜலம் கொண்டா" என்று.

மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினோம். என் மனைவி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தண்ணீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் கலைந்து கலைந்து தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். கேட்டால் இல்லை என்பாள்.

நான் கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டேன். ஓட்டிப் பார்க்காமல் வேலை முடியாது. கண்ணாடி மாட்டினவன் முதல் ஓட்டத்தில் கூடப் போய், காற்றுச் சத்தம் வருகிறதா, குலுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது முறை. நான் கையைக் கழுவிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு வந்தேன். டாக்டரம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டிலிருந்து என் மனைவி இறங்கவே இல்லை.

"எறங்கு, நான் போய்ப் பாக்கணும்" என்றேன்.

"அவளே பாத்துச் சொல்லுவா" என்றார் டாக்டரம்மா. "இழுத்தவளுக்குத் தெரியாதா?"

"ரெண்டு பேருதானே போக முடியும்" என்றாள் என் மனைவி, நியாயம் பேசுகிற மாதிரி.

தவளை உறுமிக்கொண்டு தெருவில் இறங்கியது. நானும் கம்பவுண்டரும் வாசலில் நின்றோம். அவர் எனக்கு வெற்றிலை கொடுத்தார். நான் கொஞ்ச நேரம் அந்தக் காரைச் செய்தவனைத் திட்டினேன், பின்னால் ஒரு சின்ன சீட்டாவது வைத்திருக்கலாம் என்று. கம்பவுண்டர் ஒத்துக்கொண்டார். வெயில் ஏறியது. எனக்கு உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வேலை முடிந்து தொண்டை வலிக்காமல் நின்றது அன்றைக்குத்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். ஏனாத்தூர் வரைக்கும் போய் வந்திருக்கிறார்கள். திரும்பும்போது கண்ணாடி ஜன்னல் இரண்டையும் இறக்கிவிட்டு ஓட்டினார்களாம். என் மனைவியின் கூந்தல் முழுக்கப் பிரிந்து கிடந்தது, பட்டு நூல் துணுக்கு எங்கேயோ பறந்துவிட்டிருந்தது. அவள் இறங்க இரண்டு தடவை முயற்சி செய்தாள், சீட்டு அவ்வளவு பள்ளம். நான் கை கொடுத்தேன்.

"குலுங்குதா?"

"ஆடவே இல்ல. கல்லு மாதிரி இருக்குது."

"சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்ல. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். "இனிமே இப்படியே வேல செய்யறதுன்னா நாளைக்கி கடைக்கி வரேன். மத்தியானத்துக்கு மேலதான். காலையில எனக்குப் பாதி சேல பாக்கி இருக்குது."